கவனமும் கைப்பேசியும்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு–மிகையியக்கக் குறைபாட்டைப் பற்றியோ, வளரிளம் பருவத்தினரின் சமூக ஊடகப் பழக்கத்தைப் பற்றியோ கேட்பவை. இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். பலருக்கும் பொதுவாக இருக்கக்கூடிய ஐந்து கடிதங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் நான்கு முறை எழுந்துவிடுகிறான். பென்சில் பெட்டி, தண்ணீர் பாட்டில், நோட்டு என்று எதையாவது தொலைத்துவிட்டு வருகிறான். ஏ.டி.ஹெச்.டி. இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். ஆனால் வீடியோ கேம் என்றால் இரண்டு மணி நேரம் அசையாமல் விளையாடுகிறான். "இவ்வளவு நேரம் கவனிக்க முடிகிறவனுக்கு என்ன குறைபாடு? எல்லாம் சோம்பேறித்தனம்" என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
– ஒரு தாய்

பதில்: உங்கள் கணவர் எழுப்பும் கேள்வி நியாயமானது, அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏ.டி.ஹெச்.டி. உள்ள குழந்தைகளிடம் கவனம் இருக்கிறது. அதைத் தேவையான இடத்தில் நிறுத்தி வைக்கவும், தேவையில்லாத இடத்திலிருந்து விலக்கிக்கொள்ளவும் மூளை செய்ய வேண்டிய நிர்வாக வேலைதான் தளர்ந்திருக்கிறது. வீடியோ கேம் சில நொடிக்கு ஒருமுறை ஒரு புள்ளியையோ ஒலியையோ புதிய கட்டத்தையோ கொடுத்துக்கொண்டே இருப்பதால், அந்த நிர்வாக வேலையை விளையாட்டே செய்துவிடுகிறது. வீட்டுப்பாடத்தின் பலன் மறுநாளோ மாதக் கடைசியிலோதான் வரும். அவ்வளவு தள்ளி இருக்கும் பலனை மனத்தில் நிறுத்தி, இப்போதைய சலிப்பைப் பொறுத்துக்கொள்வதுதான் உங்கள் மகனுக்குக் கடினமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்து முடிப்பதில்தான் சிக்கல் என்று அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். அதனால்தான் "எத்தனை தடவை சொல்வது?" என்று கேட்டுக்கொண்டே நூறாவது தடவை சொன்னாலும் பயன் கிடைப்பதில்லை.

இதற்கு உடல்சார்ந்த அடிப்படையும் இருக்கிறது. 2007-இல் வெளிவந்த, அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வொன்றில், மூளையின் மேலடுக்கான புறணியின் பாதிப் பகுதிகள் உச்சத் தடிமனை எட்டும் வயது, ஏ.டி.ஹெச்.டி. இல்லாத குழந்தைகளில் ஏறத்தாழ 7.5 ஆகவும், உள்ளவர்களில் 10.5 ஆகவும் இருந்தது. வளர்ச்சியின் வரிசை ஒன்றாகவே இருக்க, வேகம் மட்டும் பின்தங்கியிருந்தது. திட்டமிடுதல், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதியில் அந்தப் பின்னடைவு அதிகமாகத் தெரிந்தது. பரம்பரையின் பங்கும் பெரிது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதை 70 சதவீதத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகின்றன. எனவே பிள்ளையை மதிப்பீட்டுக்கு அழைத்து வரும் பெற்றோரில் ஒருவர், கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வரும்போது தம்முடைய பள்ளி நாட்களையும் அவற்றில் அடையாளம் கண்டுகொள்வது எங்களுக்குப் பழக்கமான காட்சி. உங்கள் கணவரும் உடன் வரட்டும்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கவனமின்மைக்கு ஒன்பது, மிகையியக்கத்துக்கும் அவசரப் போக்குக்கும் சேர்த்து ஒன்பது என அறிகுறிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஏதாவது ஒரு பிரிவிலாவது குறைந்தது ஆறு அறிகுறிகள், ஆறு மாதங்களுக்கு மேலாக, வயதுக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்; வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது காணப்பட வேண்டும்; அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். பார்வை, செவித்திறன், தூக்கம், கற்றல் குறைபாடு, மனப்பதற்றம் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் இவற்றில் எதுவும் கவனக்குறைவைப் போலவே தோற்றமளிக்கக்கூடும். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளையா என்பதையும் கவனியுங்கள். பள்ளிச் சேர்க்கைக்குச் செப்டம்பர் 1-ஐ வயது வரம்பு நாளாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களில், வகுப்பின் மிக இளையவர்களான ஆகஸ்ட் மாதக் குழந்தைகளுக்கு, மூத்தவர்களான செப்டம்பர் மாதக் குழந்தைகளைவிட 34 சதவீதம் கூடுதலாக இந்த நோயறிதல் அளிக்கப்பட்டிருந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. வயதுக்கேற்ற சிறுபிள்ளைத்தனத்தைக் குறைபாடாக எண்ணிவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு ஆசிரியர். என் வகுப்பில் இரண்டு மாணவர்களுக்கு ஏ.டி.ஹெச்.டி. உறுதியாகியிருக்கிறது. அவர்களைத் தனியாகக் கவனியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே தவிர, வகுப்பு முழுவதையும் வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்ற மாணவர்கள் கேட்க மாட்டார்களா?
– ஓர் ஆசிரியர்

பதில்: உங்களைப் போல வெளிப்படையாகக் கேட்கும் ஆசிரியர்கள் கிடைப்பது அந்த இரண்டு மாணவர்களின் நல்வாய்ப்பு. உலக அளவில் சராசரியாக நூற்றுக்கு ஐந்து குழந்தைகளிடம் ஏ.டி.ஹெச்.டி. காணப்படுவதால், ஓரளவு பெரிய எந்த வகுப்பிலும் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். ஆகவே இது உங்கள் வகுப்புக்கு மட்டும் நேர்ந்த விதிவிலக்கும் அன்று.

வகுப்பு முழுவதற்கும் செய்யக்கூடியவற்றிலிருந்து தொடங்குங்கள்; அப்போது சலுகை என்ற பேச்சே பாதி குறைந்துவிடும். "புத்தகத்தை எடுத்து, 42-ஆம் பக்கத்தைத் திறந்து, இரண்டாவது பத்தியைப் படித்து, கீழே உள்ள கேள்விகளுக்கு நோட்டில் விடை எழுதுங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது, செயல்நினைவு, அதாவது கேட்டதை அந்த நேரத்துக்கு மனத்தில் வைத்திருக்கும் திறன், பலவீனமாக உள்ள மாணவனுக்குப் புத்தகத்தை எடுப்பது வரைதான் நினைவில் நிற்கிறது. பிறகு அவன் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கிறான், பேசியதற்காகத் திட்டு வாங்குகிறான். ஒவ்வொரு படியாகச் சொல்லி, அந்தப் படிகளைக் கரும்பலகையின் ஓர் ஓரத்தில் எழுதியும் வைத்துவிட்டால், அவன் மட்டுமல்லாமல் முதல் நாள் வராத மாணவியும், மெதுவாக எழுதுபவரும் பயனடைவார்கள். இருபது கணக்குகளை ஒன்றாகக் கொடுக்காமல் ஐந்தைந்தாகக் கொடுத்து, ஐந்து முடிந்ததும் காட்டச் சொல்லுங்கள். எஞ்சிய நேரத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற வகையில் சுவர்க் கடிகாரத்திலோ டைமரிலோ காட்டுங்கள். இவர்களில் பலருக்குக் கால ஓட்டத்தை உணர்வது கடினம் என்பதால், "இன்னும் பத்து நிமிடம்" என்ற சொல் அவர்களிடம் எந்த அவசரத்தையும் ஏற்படுத்துவதில்லை.

பாராட்டும் திருத்தமும் செயலை ஒட்டி உடனடியாக வர வேண்டும். மாதக் கடைசியில் கிடைக்கும் நற்சான்றிதழைவிட, நான்காவது கணக்கை முடித்தவுடன் மேசைக்கு அருகில் வந்து நீங்கள் சொல்லும் ஒரு சொல் இவர்களிடம் அதிகம் வேலை செய்யும். அந்தச் சொல் குறிப்பானதாகவும் இருக்கட்டும்: பொதுவாக "நல்ல பையன்" என்பதற்குப் பதிலாக, "இன்று கையைத் தூக்கிவிட்டுப் பேசினாய், நன்றாக இருந்தது" என்று சொன்னால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அவனுக்குப் புரியும். கவனம் சிதறும்போது வகுப்பின் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், மேசையை இரண்டு விரலால் தட்டுவது போன்ற ஒரு சைகையை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி, உங்களுக்கு அருகில் இடம் கொடுங்கள்; ஆனால் அந்த இடம் தண்டனை இடமாக வகுப்பில் பெயரெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுதி முடிக்காததற்காக இடைவேளையையோ விளையாட்டு நேரத்தையோ தயவுசெய்து பறிக்காதீர்கள். உடலை அசைப்பது இவர்களுடைய கவனத்துக்கு உதவுகிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது. காலையில் அசையாமல் உட்காரச் சிரமப்பட்ட குழந்தையின் விளையாட்டு நேரத்தையும் எடுத்துக்கொண்டால், பிற்பகல் வகுப்பு அவனுக்கும் உங்களுக்கும் இன்னும் கடினமாகிவிடும். பாட வேளையின் நடுவில் நோட்டுகளைச் சேகரிப்பது, பலகையைத் துடைப்பது போன்ற வேலைகளை அவனிடம் கொடுத்தால், எழுந்து நடப்பதற்குக் கௌரவமான ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது.

மற்ற மாணவர்கள் கேட்பார்களா என்றால், கேட்பார்கள்; கேட்கட்டும். கண்ணாடி அணிந்த மாணவனைப் பார்த்து எனக்கும் கண்ணாடி வேண்டும் என்று எவரும் அடம்பிடிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் எது தேவையோ அது கிடைக்கும் என்று ஆசிரியர் நேரடியாகச் சொல்லி, வேறொரு தேவையோடு வரும் மாணவரிடமும் அதே நேர்மையோடு நடந்துகொண்டால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அதை நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். அந்த இருவரின் நோயறிதலை மட்டும் பெற்றோரின் அனுமதியின்றி வகுப்பில் விளக்க வேண்டாம்.

கேள்வி: ஒன்பது வயது மகளுக்கு ஏ.டி.ஹெச்.டி.க்கான மருந்து தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். குழந்தை மந்தமாகிவிடும், பிறகு மருந்துக்கே அடிமையாகிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு தந்தை

பதில்: பரவலாகப் பரிந்துரைக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் 1950-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. பசி குறைதல், தூக்கம் தள்ளிப்போதல், நாடித் துடிப்பு சற்று கூடுதல் ஆகிய பக்கவிளைவுகள் ஏற்படலாம் என்பதால் எடை, உயரம், இரத்த அழுத்தம் மூன்றையும் மருத்துவர் தொடர்ந்து பார்த்து வருவார். குழந்தை மந்தமாகத் தெரிந்தால் அளவு பொருந்தவில்லை என்று பொருள். அப்போது அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டும், பொறுத்துக்கொண்டு தொடர வேண்டியதில்லை. மருத்துவ மேற்பார்வையில் சிகிச்சை பெற்ற குழந்தைகள் பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்கு ஆளாவது கூடுகிறது என்று நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. அதேசமயம், மருந்து கவனத்துக்கு வழிவிடுமே தவிர, பையை அடுக்கவோ நேரத்தைத் திட்டமிடவோ அது கற்றுத்தராது. பெற்றோருக்கான பயிற்சியும் பள்ளியின் ஒத்துழைப்பும் கூடவே நடக்க வேண்டும். உறவினர்களின் அச்சத்தை மருத்துவரிடம் அப்படியே சொல்லிக் கேளுங்கள். அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏ.டி.ஹெச்.டி. கண்டறியப்பட்டது. கைப்பேசியைக் கீழே வைப்பதே இல்லை. இன்ஸ்டாகிராமில் எங்களுக்குத் தெரியாமல் இரண்டாவது கணக்கு ஒன்றை வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இப்போது என்னோடு பேசுவதில்லை. இந்தக் கைப்பேசியால்தான் அவளுக்கு இந்தக் குறைபாடே வந்திருக்குமோ என்றும் தோன்றுகிறது. நான் செய்தது சரியா?
– ஒரு தந்தை

பதில்: கடைசிச் சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 15, 16 வயதில் குறிப்பிடத்தக்க அறிகுறிகள் இல்லாதிருந்த 2,587 அமெரிக்க மாணவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2018-இல் வெளியானது. டிஜிட்டல் ஊடகங்களை அடிக்கடி பயன்படுத்தாதவர்களில் 4.6 சதவீதத்தினரிடம் பின்னர் ஏ.டி.ஹெச்.டி. அறிகுறிகள் தென்பட்டன, கேட்கப்பட்ட 14 வகைப் பயன்பாடுகளிலும் மிக அதிகமாக ஈடுபட்டவர்களில் அது 10.5 சதவீதம். தொடர்பு இருக்கிறது, ஆனால் ஊடகம்தான் காரணம் என்று இந்த ஆய்வால் நிறுவ முடியாது என்பதை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். கவனத்தைக் கட்டுப்படுத்தச் சிரமப்படும் பிள்ளையைக் கைப்பேசி எளிதில் ஈர்த்துக்கொள்கிறது என்ற எதிர்த்திசையையும் மறுக்க இயலாது. உங்கள் மகளுக்கு 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். இல்லையெனில் நோயறிதலே செய்திருக்க மாட்டார்கள். ஆகவே அந்தக் குற்ற உணர்வை நீங்கள் சுமக்க வேண்டாம்.

கைப்பேசியைக் கீழே வைக்க முடியாததற்கு அவளை மட்டும் பொறுப்பாக்குவதும் நியாயமாகாது. முடிவே இல்லாமல் கீழிறங்கிக்கொண்டே போகும் திரை, அடுத்த ரீல்ஸ் தானாகவே தொடங்குவது, எப்போது வரும் என்று தெரியாத லைக்குகள் ஆகிய அனைத்தும் நிறுத்தும் இடம் கண்ணில் படாதபடி வடிவமைக்கப்பட்டவை. 13 முதல் 18 வயது வரையிலானவர்களை வைத்து 2016-இல் வெளியிடப்பட்ட மூளை வருடல் (ஸ்கேன்) ஆய்வில், தாங்கள் பதிவிட்ட படத்துக்கு நிறைய லைக்குகள் கிடைத்திருப்பதைப் பார்த்தபோது, வெகுமதியோடு தொடர்புடைய பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. தன் வயதினர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதே மிகப் பெரிய கேள்வியாக இருக்கும் பருவத்தில், அந்தக் கேள்விக்கு நொடிக்கு நொடி எண்ணால் விடை சொல்லும் கருவியைக் கையில் கொடுத்திருக்கிறோம். தூண்டுதலை அடக்கிக்கொள்ளும் திறன் ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் உங்கள் மகளுக்கு, மற்றவர்களைவிட அதிகமான வெளி உதவி தேவைப்படும்.

சமூக ஊடகம் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்ற பொதுக் கேள்விக்கு அறிஞர்களிடையே ஒருமித்த விடை இல்லை. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அதில் செலவிடும் வளரிளம் பருவத்தினருக்கு மனநலச் சிக்கல்களின் அபாயம் இரு மடங்காகிறது என்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர் (சர்ஜன் ஜெனரல்) அலுவலகம் 2023-இல் எச்சரித்தது. 2019-இல் வெளியான, லட்சக்கணக்கான இளையோரின் தரவுகளைத் திரட்டிய பகுப்பாய்வோ, அவர்களின் நல்வாழ்வில் காணப்படும் வேறுபாடுகளில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதமே என்றது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா சட்டத்தால் தடுத்து, 2025 டிசம்பர் 10 முதல் அதை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. சராசரிகளும் சட்டங்களும் கொள்கை வகுப்போருக்கு உதவும். ஒரு தந்தைக்கு உதவக்கூடியது, தன் மகள் அங்கே என்ன செய்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான். தோழிகளோடு பேசுகிறாளா, தன் ஓவியத்தைக் காட்டுகிறாளா, பிறருடைய உடலோடு தன் உடலை ஒப்பிட்டுப் புழுங்குகிறாளா, யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்களா? ஒரே ஒரு மணி நேரத்துக்குள் இவை நான்கும் நடக்கக்கூடும்.

இரண்டாவது கணக்கைப் பற்றி நீங்கள் நினைக்கும் அளவுக்கு நான் பதறவில்லை. உறவினரும் ஆசிரியரும் பார்க்கும் கணக்கு ஒன்று, நெருங்கிய சிலருக்கு மட்டுமான கணக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது இந்த வயதினரிடம் மிகவும் இயல்பானது. அதில் அறிமுகமில்லாத பெரியவர்கள் இருக்கிறார்களா என்பதை மட்டும் அவளோடு உட்கார்ந்து பார்ப்பது அவசியம். கைப்பேசியைப் பிடுங்கியதில் எனக்குள்ள கவலை வேறு. நாளை யாரேனும் ஒருவர் அவளுடைய படத்தை வைத்து மிரட்டினால், அவள் முதலில் ஓடி வர வேண்டிய இடம் நீங்கள். சொன்னால் கைப்பேசி போய்விடும் என்று அவள் நினைத்துவிட்டால், மிரட்டுகிறவன் கேட்டதைக் கொடுத்துவிட்டு மௌனமாக இருந்துவிடுவாள். எந்தச் சிக்கலைச் சொன்னாலும் தண்டனையாகக் கைப்பேசியைப் பறிக்க மாட்டேன் என்ற உறுதியைக் கொடுத்துத் திருப்பிக் கொடுங்கள். கோபத்தில் செய்ததற்கு வருத்தமும் தெரிவியுங்கள்.

வரையறைகள் வேண்டும், அவற்றை அவளோடு பேசி எழுத வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதைப் பேசுவது எளிது. படிக்கும்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கும். இரவில் எல்லோருடைய கைப்பேசியும், உங்களுடையதும் சேர்த்துத்தான், படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் இருக்கும். தேவையற்ற அறிவிப்புகளை இருவரும் சேர்ந்து அணைத்து வைப்பீர்கள். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இதில் ஒன்றை மட்டும்தான் காப்பாற்ற முடியும் என்றால், தூக்கத்தைக் காப்பாற்றுங்கள்.

கேள்வி: டாக்டர், எனக்கு 16 வயது. ரீல்ஸில் ஏ.டி.ஹெச்.டி. பற்றி நிறைய வீடியோக்கள் பார்க்கிறேன். அதில் சொல்வதெல்லாம் எனக்கு அப்படியே பொருந்துகிறது. வகுப்பில் உட்கார்ந்தபடியே வேறு எங்கோ போய்விடுகிறேன், படித்த பத்தியையே மறுபடி மறுபடி படிக்கிறேன். அம்மாவிடம் சொன்னால், "வீடியோ பார்த்துவிட்டு நோயைக் கண்டுபிடிக்கிறாயா?" என்று சிரிக்கிறார். இரவு ஒரு மணிக்கு மேல்தான் தூங்குகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.
– பதினோராம் வகுப்பு மாணவி

பதில்: கடைசி வரியை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி, அது எனக்கு மிகவும் உதவுகிறது. நீ எழுதியிருப்பதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். வகுப்பில் ஓடாமல், ஆடாமல், யாருக்கும் தொல்லை தராமல் உட்கார்ந்தபடியே கவனத்தை இழக்கும் மாணவிகள் பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார்கள். பெண்களில் பலருக்கு நோயறிதல் தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உனக்கு அப்படி இருக்க வாய்ப்பு இருக்கிறது.

வேறொன்றாக இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. டிக்டாக்கில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட 100 ஏ.டி.ஹெச்.டி. வீடியோக்களை மருத்துவர்கள் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டபோது, அவற்றில் 52 தவறாக வழிநடத்துபவையாக இருந்தன. சாவியை மறந்துவிடுவதும், சலிப்பான பாடத்தில் மனம் அலைவதும் எல்லோருக்கும் நேர்பவை. அவற்றைக் குறைபாட்டின் அடையாளமாகக் காட்டும் ஒரு வீடியோவை நீ முழுவதுமாகப் பார்த்தால், அதே மாதிரியான பத்து வீடியோக்கள் அடுத்து வரும். பத்துப் பேர் ஒன்றையே சொல்லும்போது அது உறுதியானது போலத் தோன்றும். மேலும், இரவு ஒரு மணிக்குத் தூங்கிப் பள்ளிக்கு எழும் எந்தப் பதினாறு வயதுக்காரருக்கும், படித்த பத்தி மனத்தில் நிற்காது.

இப்போதைக்கு இரண்டு வேலைகள் செய். இரண்டு வாரங்களுக்குக் கைப்பேசியை இரவில் வேறு அறையில் வைத்துவிட்டு, எட்டு மணி நேரமாவது தூங்கிப் பார். வகுப்பில் எந்தெந்தப் பாடத்தில் கவனம் நின்றது, எதில் நிற்கவில்லை என்று சிறு குறிப்பும் எழுதிக்கொள். கூடவே உன் பழைய மதிப்பெண் அட்டைகளை எடுத்து, தொடக்க வகுப்புகளில் ஆசிரியர்கள் உன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார். 12 வயதுக்கு முன்பிருந்தே இருந்ததா என்று எந்த மருத்துவரும் கேட்பார். தூக்கம் சரியான பிறகும் சிரமம் தொடர்ந்தால், வீடியோவைப் பற்றிப் பேசாமல், இந்தக் குறிப்புகளையும் மதிப்பெண் அட்டைகளையும் அம்மாவிடம் காட்டிப் பேசு. அவர் அப்போதும் தயங்கினால், பள்ளி ஆலோசகரிடமோ, உனக்கு நம்பிக்கையுள்ள ஓர் ஆசிரியரிடமோ அதே காகிதங்களைக் கொண்டு போ. இந்தப் பதிலை அம்மாவிடம் காட்டுவதென்றாலும் தாராளமாகக் காட்டலாம்.